ஹீட்டரில் குளிர்காற்று

ஊருக்கு வடக்கே மேட்டுச் சாலையில் ஏறும்போதே ஜினெட்டுக்குக் கால்விரல்கள் மரத்துவிட்டன. ஹீட்டர் குமிழைக் கடைசிவரை திருகி வைத்திருந்தாள். ஆனாலும் முகத்தில் அடித்தது ஃப்ரிட்ஜைத் திறந்தால் வருகிற காற்று. வெளியே நவம்பர்க் குளிர், உள்ளேயும் அதே குளிர். எஞ்சினின் சூட்டைக் காட்டும் முள் மட்டும் சிவப்புக் கோட்டை நோக்கி ஏறிக்கொண்டே போனது.

"எல்லாச் சூட்டையும் நீயே வச்சுக்கோ, எனக்கு ஒண்ணும் தராதே," என்று வண்டியைத் திட்டினாள்.

மேடு முடிவதற்குள் முன்மூடியின் இடுக்கிலிருந்து ஆவி கிளம்பியது. ஓரங்கட்டி நிறுத்தினாள். வீடு வீடாகப் போய், நடமாட முடியாதவர்களைக் குளிப்பாட்டி, புண்ணுக்குக் கட்டு மாற்றிவிட்டு வருகிற வேலை அவளுக்கு. ஒரு வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் நடுவே காடும் ஏரியும்தான். ஏரியின் அந்தப் பக்கத்து வீட்டில் ஒரு கிழவர் எழுந்திருக்க முடியாமல் படுக்கையிலேயே காத்திருப்பார். அலுவலகத்தைக் கூப்பிட்டு வேறு ஆளை அனுப்பச் சொன்னாள். "முயற்சி பண்றோம்" என்றார்கள். அனுப்ப மாட்டார்கள் என்று அவளுக்குத் தெரியும்.

எஞ்சின் நன்றாக ஆறிய பிறகு, அதைக் குளிரவைக்கும் கூலன்ட் திரவம் இருக்கிற டப்பாவின் மூடியைத் திறந்தாள். போன வருஷம் பார்த்தபோது உள்ளே தெளிந்த ஆரஞ்சு நிறம் இருந்தது. இப்போது சேற்றுத் தண்ணீர். மேலே ஆடை படிந்திருந்தது. ஒரு குச்சியை விட்டு எடுத்தாள். குச்சியில் கூழ் மாதிரி ஏதோ ஒட்டிக்கொண்டு வந்தது.

யாரோ எதையோ கலந்திருக்கிறார்கள். அந்த யாரோ யார் என்பதில் அவளுக்குச் சந்தேகமே வரவில்லை.

அவள் வீட்டில் வண்டி ஒன்றுதான். ஜினெட்டின் கணவன் ரிஸ்டோ வடக்கே தங்கச் சுரங்கத்தில் வேலை பார்க்கிறான். விமானத்தில் போவான், சில வாரம் கழித்து விமானத்தில் வருவான். அவன் இல்லாதபோது வண்டியை ஓட்டுவது ஜினெட்டும் அவள் மாமியார் இர்யாவும். இர்யா காகித ஆலையில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டி ஓய்வு பெற்றவள். கணவர் வெய்க்கோ போன பிறகு மகன் வீட்டின் கீழ்த்தளத்தில் இருக்கிறாள். யார் உதவியும் கேட்க மாட்டாள். கேட்காமல் உதவி செய்வாள். இந்த இரண்டாவது குணம்தான் ஜினெட்டுக்குப் பயம்.

இழுவை வண்டியில் வீடு வந்து சேர்ந்ததும் முதலில் ஷெட்டுக்குப் போய்ப் பார்த்தாள். அலமாரியில் பச்சைக் கூலன்ட் கேன் ஒன்று காலியாக இருந்தது. அதைத் தூக்கிக்கொண்டு நேராகச் சமையலறைக்கு வந்தாள். இர்யா ஏலக்காய் ரொட்டிக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தாள்.

"இர்யா, கூலன்ட் டப்பாவுல நீங்க ஏதாவது ஊத்தினீங்களா?"

"எந்த டப்பா?"

"முன்மூடியைத் திறந்தா ஓரமா வெள்ளையா ஒண்ணு இருக்குமே."

"நான் எதுக்கு அதைத் தொடறேன்? கண்ணாடி கழுவுற தண்ணி ஊத்துவேன். அதோட சரி."

"அப்ப இந்தக் கேன்?"

"அது டிராக்டருக்கு. வெய்க்கோ காலத்துலேர்ந்து டிராக்டருக்குப் பச்சைதான்."

"டிராக்டர் துருப்பிடிச்சு நிக்குது, மிஸஸ் சல்மேலா. அது எப்ப ஓடுச்சு?"

பெயர் போய் மிஸஸ் சல்மேலா வந்துவிட்டால் ஜினெட்டுக்குக் கோபம் என்று அர்த்தம். இர்யா மாவிலிருந்து கையை எடுத்தாள்.

"நான் ஊத்தலைன்னா ஊத்தலை. ஆலையில அத்தனை வருஷம் வண்டி ஓட்டினவ. எதை எங்க ஊத்தணும்னு எனக்குத் தெரியும்."

"அதான் பயமா இருக்கு."

சொன்ன பிறகு அதிகமாகப் போய்விட்டோமோ என்று தோன்றியது. ஆனால் நாள் முழுக்கக் குளிரில் நின்ற கால் இன்னும் வலித்தது. இர்யா மாவை ஈரத்துணியால் மூடினாள். கீழே இறங்கிப் போனாள்.

மறுநாள் காலை ஜினெட் ஊரில் இருக்கிற பட்டறைகளுக்கெல்லாம் போன் போட்டாள்.

"இது டயர் சீசன்மா. ஊரே பனி டயர் மாத்த வரிசையில நிக்குது. டிசம்பர் நடுவுல வாங்க."

"டிசம்பர் நடுவுல என் எஞ்சின் உயிரோட இருக்காது."

"அப்ப எஞ்சினையும் சேர்த்துப் பார்த்துடலாம்."

போனை வைத்துவிட்டாள். பழைய கூலன்ட்டை வடித்து, உள்ளே கழுவி, புதிதாக ஊற்றுவது மலையைப் பெயர்க்கிற வேலை இல்லை. அவள் பிறந்த ஊரான ஹர்ஸ்ட்டில் அண்ணன்மார்கள் வீட்டு வாசலிலேயே செய்வார்கள். சனிக்கிழமை தானே செய்வது என்று முடிவு செய்தாள். அதுவரை கூட வேலை செய்யும் ஒருத்தியின் காரைக் கெஞ்சி வாங்கினாள்.

அந்தக் காரில்தான் உதிரிபாகக் கடைக்குப் போனாள். இர்யாவும் ஏறி உட்கார்ந்துகொண்டாள். மாவு தீர்ந்துவிட்டது என்றாள். பேச்சு அவ்வளவுதான்.

கடையில் ஒரு சுவர் முழுக்கக் கூலன்ட். பச்சை, மஞ்சள், ஆரஞ்சு, இளஞ்சிவப்பு, நீலம். மிட்டாய்க் கடை மாதிரி இருந்தது. தாடி வைத்த பையன் ஒருவன் வந்தான்.

"என்ன கலர் வேணும்?"

"கலர் கேக்கலை. என் வண்டிக்கு எது சேரும்னு கேக்கிறேன்."

"அதான், முன்னாடி என்ன கலர் இருந்துச்சு?"

"ஆரஞ்சு. இப்ப பழுப்பு."

"பழுப்பு நாங்க விக்கிறதில்லையே." அவன் சிரித்தான். ஜினெட் சிரிக்கவில்லை என்பதைப் பார்த்து ஒரு கேனை இறக்கினான். "இது எல்லா வண்டிக்கும் ஆகும். எதோட வேணாலும் கலக்கலாம்."

"எதோட வேணாலும் கலந்துதான் இந்த நிலைமை."

பக்கத்தில் வைப்பர் பார்த்துக்கொண்டிருந்த ஒருவர் திரும்பினார். "ஆரஞ்சு மட்டும் வாங்காதீங்க. எஞ்சின் இடுக்குல ஒழுகாம இருக்க வச்சிருக்கிற கேஸ்கெட்டையெல்லாம் தின்னுடும். என் மச்சான் வண்டி போச்சு."

"பச்சை," என்றாள் இர்யா, அவள் பாட்டுக்குச் சுவரைப் பார்த்தபடி. "வெய்க்கோ சாகிற வரைக்கும் பச்சைதான். ஒரு நாள் வண்டி நின்னதில்லை."

ஜினெட் தன் வண்டியிலிருந்து எடுத்து வந்திருந்த கையேட்டைப் பிரித்தாள். அதில் நிறத்தைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. ஒரு தரக்குறியீடு இருந்தது. அதற்குப் பொருந்தாததைச் சேர்க்காதே என்று எழுதியிருந்தது. தரையில் மண்டியிட்டு ஒவ்வொரு கேனாகத் திருப்பி, பின்பக்கத்துப் பொடி எழுத்தைப் படிக்க ஆரம்பித்தாள். தாடிப் பையன் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு வேறு வாடிக்கையாளரிடம் போய்விட்டான். கண் எரிந்தது. முட்டி வலித்தது. கடைசியில் கீழ்த்தட்டின் மூலையில் அதே குறியீட்டோடு ஒன்று அகப்பட்டது. மூடியைத் திறந்து பார்த்தாள். ஊதா.

"என்ன இது, திராட்சை ஜூஸா?" என்றாள் இர்யா.

ஜினெட்டுக்கே ஒரு கணம் தயக்கமாக இருந்தது. ஆரஞ்சு இருந்த இடத்தில் ஊதாவா? குறியீட்டை இன்னொரு தடவை ஒப்பிட்டாள். எழுத்துக்கு எழுத்து சரியாக இருந்தது. சாயம் கம்பெனிக்குக் கம்பெனி மாறும் போலிருக்கிறது. இதைத் தெரிந்துகொள்ள ஒரு மதியம் போய்விட்டது.

அது தண்ணீர் கலக்காத சரக்கு. பாதிக்குப் பாதி காய்ச்சி வடித்த நீர் சேர்க்க வேண்டும். அந்த நீர் எந்தக் கடையிலும் இல்லை.

"தூங்குறப்ப மூச்சுக்கு வைக்கிற மெஷினுக்கு இந்தத் தண்ணி ஊத்துறவங்க எல்லாத்தையும் அள்ளிட்டுப் போயிட்டாங்க," என்றாள் மருந்துக்கடைப் பெண்.

"குழாய்த் தண்ணி ஊத்தினா என்ன, வண்டிக்கு வயித்து வலியா வந்துடும்?" என்றாள் இர்யா.

"நம்ம கிணத்துத் தண்ணி கெட்டில்ல எப்படிக் கல்லாப் படியுதுன்னு பார்த்திருக்கீங்கல்ல? அது ரேடியேட்டர்லயும் படியும்."

நெடுஞ்சாலை ஓரத்துப் பெட்ரோல் நிலையத்தில், விறகுக் கட்டுகளுக்குப் பின்னால் காய்ச்சி வடித்த நீர்க் கேன்கள் இருப்பதை முதலில் பார்த்தது இர்யாதான். விரலை நீட்டிக் காட்டினாள்.

சனிக்கிழமை வெயில் இருந்தது, சூடு இல்லை. ஜினெட் வண்டியின் முன்சக்கரங்களைச் சாய்தளத்தில் ஏற்றி நிறுத்திவிட்டு அடியில் நுழைந்தாள். ரேடியேட்டரின் வடிகால் திருகு பிளாஸ்டிக். கையால் லேசாகத் திருப்பச் சொல்லியிருந்தது. லேசாகத்தான் திருப்பினாள். தலை மட்டும் உடைந்து கையோடு வந்தது.

அவள் தாய்மொழியில், தேவாலயத்துப் புனிதப் பொருள்களின் பெயர்களையே எடுத்துச் செய்த நல்ல வசவுகள் உண்டு. எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னாள். பிறகு கீழ்க் குழாயின் கிளிப்பைத் தளர்த்தி, ரப்பர் ஹோஸையே பிடுங்கினாள். பழுப்புச் சேறு அடியில் வைத்திருந்த தட்டில் பாதியும் அவள் சட்டைக் கைக்குள் மீதியுமாகக் கொட்டியது.

ஹோஸை மாட்டி, தண்ணீரும் கழுவும் மருந்தும் ஊற்றி, ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து எஞ்சினை ஓடவிட்டாள். பிறகு அணைத்துவிட்டு ஆறக் காத்திருந்தாள். சூடாக இருக்கும்போது திறந்தால் முகம் வெந்துவிடும். வடித்தாள். பழுப்பு. மறுபடி ஊற்றி, ஓட்டி, ஆறவைத்து, வடித்தாள். அப்போதும் பழுப்புதான். கைவிரல்கள் மடங்கவில்லை. ஸ்பேனரை வாசல் சரளையில் வீசி எறிந்துவிட்டு, விரலைச் சூடாக்க உள்ளே போனாள்.

சுடுநீரில் கையை வைத்துக்கொண்டு ஜன்னலில் பார்த்தபோது, இர்யா வண்டிக்குப் பக்கத்தில் நிற்பது தெரிந்தது. கோட்டை இழுத்துப் போர்த்தியபடி, அசையாமல், தட்டைப் பார்த்துக்கொண்டு. ஜினெட்டுக்குச் சுருக்கென்றது. இத்தனை பாடுபட்டது போதாதென்று மேற்பார்வை வேறா? காப்பி போட்டு, அது ஆறும்வரை பார்த்தாள். இர்யா நகரவே இல்லை. கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தாள்.

"என்ன, சரியா வடிச்சேனான்னு பார்க்கிறீங்களா?"

"தட்டைத் திறந்து போட்டுட்டுப் போயிட்டே."

"அதனால?"

"எதிர்வீட்டு நாய் ரெண்டு தடவை வந்துடுச்சு. இது இனிப்பா இருக்கும். நக்குச்சுன்னா செத்துடும்."

தெருமுனையில் அந்தக் கறுப்பு நாய் இன்னும் இவர்கள் பக்கமே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. ஜினெட் ஷெட்டுக்கு ஓடினாள். மூடிபோட்ட பழைய பெயின்ட் வாளியை எடுத்து வந்தாள். இருவருமாகத் தட்டைத் தூக்கி அதில் ஊற்றினார்கள். நன்றி சொல்ல வேண்டும் என்று தெரிந்தது. கூலன்ட்டைக் கெடுத்தவளுக்கு எதற்கு நன்றி என்று இன்னொரு மனசு முறைத்தது. அந்த மனசுதான் ஜெயித்தது.

அப்போது போன் அடித்தது. ரிஸ்டோ. சுரங்கத்தில் வேலை முடித்துச் சாப்பிடுகிற சத்தம் பின்னால் கேட்டது. கை ஈரமாக இருந்ததால் ஜினெட் ஒலிபெருக்கியில் போட்டு வண்டியின் மேல் வைத்தாள்.

"எப்படி இருக்கே, கண்ணு?"

"காலையிலேர்ந்து வண்டிக்கு அடியிலதான் இருக்கேன். யாரோ கூலன்ட்டைக் கலந்து வண்டியைக் குழம்பாக்கி வச்சிருக்காங்க."

"அய்யோ. ஆமா, அந்த லைட் மறுபடி வந்துச்சா?"

ஜினெட் துணியில் கையைத் துடைப்பதை நிறுத்தினாள். "எந்த லைட்?"

"கூலன்ட் குறைஞ்சா வருமே. ஆகஸ்ட்ல ஏரி வீட்டுக்குக் கிளம்புறப்ப வந்துச்சு. ஷெட்டுல ஒரு பச்சைக் கேன் இருந்துச்சுல்ல, கையோட எடுத்துட்டுப் போய் ஊத்தினேன். அப்பவும் நிறையலை. கொஞ்சம் ஏரித் தண்ணி விட்டேன். அதுக்கப்புறம் லைட் வரலை. சொன்னேனே உன்கிட்ட?"

ஜினெட் துணியை வண்டியின் மேல் போட்டாள்.

"சொல்லலையா?" என்றான் ரிஸ்டோ.

"ஏரித் தண்ணி," என்றாள் இர்யா மெதுவாக.

"அம்மா? நீயும் அங்கதான் இருக்கியா?"

"ஏண்டா, மீனையும் பிடிச்சு உள்ள விட்டிருக்க வேண்டியதுதானே?"

ஜினெட் போனை எடுத்தாள். என்னவெல்லாமோ சொல்ல வந்தது. "வச்சுடு," என்று மட்டும் சொன்னாள். அவன் வைப்பதற்குள் தானே வைத்தாள்.

பிறகு திரும்பி மாமியாரைப் பார்க்க வேண்டியிருந்தது. அந்த வாரம் முழுக்க நடந்ததெல்லாம் கண்முன் வந்தது. மூடிவைத்த மாவு, கடைக்குப் போகும் வழியில் பேசாமல் உட்கார்ந்திருந்த அந்த முகம்.

"இர்யா, நான் உங்களைத் தப்பா..."

"நான் இல்லைன்னு சொன்னேன்."

"ஆமா."

"சொன்னதும் நீ என் கையைப் பார்த்தே. திருடின கையைப் பார்க்கிற மாதிரி." இர்யாவின் குரல் உயரவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது. "பிடிக்கலைன்னா திட்டு. பரவாயில்லை. ஆனா நான் ஒண்ணு இல்லைன்னு சொன்னா இல்லைதான்."

"மன்னிச்சுடுங்க. நான் கேட்டது சும்மா பேருக்குத்தான். முன்னாடியே முடிவு பண்ணிட்டேன்."

இர்யா மூக்கை உறிஞ்சினாள். குளிராலும் இருக்கலாம். "இருட்டப் போகுது. வண்டிக்குள்ள வெறும் தண்ணிதானே இருக்கு? ராத்திரி உறைஞ்சா எஞ்சின் பிளந்துடும். அப்புறம் எவ்வளவு மன்னிப்புக் கேட்டாலும் ஓடாது."

அது உண்மை. வானொலியில் ராத்திரிக்குக் கடும் உறைபனி என்று சொல்லியிருந்தார்கள். ஹீட்டருக்கு வெந்நீர் கொண்டுபோகும் சின்ன ரேடியேட்டர் டாஷ்போர்டுக்குப் பின்னால் இருக்கிறது. அடைப்பு அங்கேதான் இருக்க வேண்டும் என்று ஜினெட்டுக்குத் தோன்றியது. அதன் இரண்டு ஹோஸ்களையும் கழற்றி, பின்வழியாகத் தண்ணீர் விட்டால் அடைப்பு வெளியே வரலாம். ஆனால் வெளிக் குழாயைக் குளிர்காலத்துக்காக ஏற்கெனவே அடைத்துவிட்டார்கள்.

"என் துணி துவைக்கிற குழாய் இருக்கு," என்றாள் இர்யா.

தோட்டத்து ஹோஸைக் கீழ்த்தளத்து ஜன்னல் வழியாக இழுத்தார்கள். இர்யா உள்ளே குழாயடியில் நின்றாள், ஜினெட் வண்டியடியில்.

"மெதுவா!" என்று கத்தினாள் ஜினெட். "கொஞ்சமா விடுங்க!"

"என்ன? நிறையவா?"

"கொஞ்சமா!"

"கேக்கலை! சரி, விடறேன்!"

ஹோஸ் பாம்பு மாதிரி துள்ளிப் பிய்த்துக்கொண்டு அவள் நெஞ்சில் பீய்ச்சியது. ஐஸ் தண்ணீர். மூச்சு நின்றே போயிற்று. தண்ணீர் நின்றது. ஜன்னலில் இர்யாவின் தலை தெரிந்தது.

"போதுமா?"

ஜினெட்டுக்கு அழுகை வந்தது. சட்டையைப் பிழிந்தாள். உள்ளே போய் ரிஸ்டோவின் கனத்த கம்பளிச் சட்டையை மாட்டிக்கொண்டு வந்தாள். கையைத் தூக்கினால் திற, இறக்கினால் மூடு என்று பேசி வைத்துக்கொண்டார்கள். இந்தத் தடவை தண்ணீர் அடங்கி ஓடியது. முதலில் ஒன்றுமில்லை. பிறகு துருவும் வழவழப்பான கட்டிகளுமாகக் கக்கியது. ஒரு கட்டி நத்தை அளவு இருந்தது. இர்யா மேலே வந்து அதைக் குச்சியால் புரட்டிப் பார்த்தாள்.

"இது என் பையன் பண்ணின வேலை," என்றாள், ஏதோ அறிமுகம் செய்துவைப்பதுபோல.

தெளிவாக ஓடத் தொடங்கியதும், வடித்த நீரால் ஒரு முறை அலசி வடித்தார்கள். உள்ளே எப்படியும் கொஞ்சம் தண்ணீர் தங்கிவிடும். அதனால் ஊதாச் சரக்கை முதலில் ஊற்றி, மீதிக்கு நீர் விட்டாள். மூடியைத் திறந்துவைத்தே எஞ்சினை ஓட்டி, ஹோஸை அமுக்கி அமுக்கி உள்ளே சிக்கிய காற்றை வெளியேற்றினாள். டப்பாவில் குமிழி வந்துகொண்டே இருந்தது. இர்யா டார்ச் பிடித்தாள். வெளிச்சம் இங்கும் அங்கும் ஆடியது.

"நேரா பிடிங்க, இர்யா."

"நேராத்தான் பிடிக்கிறேன். உன் வண்டிதான் ஆடுது."

குமிழி நின்றபோது நன்றாக இருட்டிவிட்டது. ஜினெட் உள்ளே ஏறி ஹீட்டரைத் திறந்தாள். சூடு வந்தது. முகத்திலும் கழுத்திலும் நல்ல சூடு. கண்ணை மூடிக்கொண்டு அப்படியே இருந்தாள். இர்யா பக்கத்து இருக்கையில் ஏறி, தன் பக்கத்துத் துவாரத்தில் கையை வைத்தாள்.

"இங்க குளிர்தான் வருது."

ஜினெட் எட்டிக் கையை வைத்துப் பார்த்தாள். ஐஸ் தண்ணீர் மாதிரிக் காற்று. குமிழை இப்படியும் அப்படியும் திருகினாள். ஓட்டுநர் பக்கம் வெயில், அந்தப் பக்கம் பனி. சின்ன ரேடியேட்டரில் பாதி இன்னும் அடைத்துக்கொண்டிருக்கிறது. அதை மாற்றுவதென்றால் டாஷ்போர்டையே கழற்ற வேண்டும். ஸ்டீயரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டாள்.

"இன்னிக்கு முடியாது," என்றாள். "என்னால முடியாது."

"யாரு இன்னிக்குச் செய்யச் சொன்னா? எஞ்சின் பிழைச்சுதா இல்லையா? உள்ள வா. சூப் இருக்கு."

திங்கட்கிழமை ஜினெட் மேட்டுச் சாலையில் ஏறினாள். முள் நடுவிலேயே நின்றது. ஏரியின் அந்தப் பக்கத்துக் கிழவர், போன தடவை யாருமே வரவில்லை என்று முழுக் குளியலுக்கும் அவளைத் திட்டித் தீர்த்தார். அவள் அவர் முதுகைத் தேய்த்தபடியே கேட்டுக்கொண்டாள்.

ரிஸ்டோ வந்த அன்று இருவருமே விமான நிலையத்துக்குப் போனார்கள். வழக்கமாக முன்னிருக்கை இர்யாவுடையது. அவளால் முட்டியை மடக்க முடியாது. அன்று அவள் ஜினெட்டுக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டு, மகனுக்கு முன்கதவைத் திறந்துவிடச் சொன்னாள்.

"நீ முன்னாடி உட்காரும்மா," என்றான் ரிஸ்டோ.

"வேணாம். நீ களைச்சு வந்திருக்கே. காலை நல்லா நீட்டி உட்காரு."

நகரத்தைத் தாண்டுவதற்குள் அவன் கையுறையை மாட்டிக்கொண்டான். இன்னும் கொஞ்ச தூரத்தில் கோட்டின் கழுத்தைத் தூக்கிவிட்டான்.

"ஹீட்டர் சரியாயிடுச்சுன்னு சொன்னே?"

"சரியாயிடுச்சே," என்றாள் ஜினெட். அவள் தொப்பியைக்கூடக் கழற்றி வைத்திருந்தாள்.

"எனக்கு வெறும் குளிர்காத்துதான் வருது."

"ஏரிக் காத்துடா," என்றாள் இர்யா பின்னாலிருந்து.

ஜினெட் உதட்டைக் கடித்துக்கொண்டு சாலையைப் பார்த்தாள். ஒரு மணி நேரப் பயணம் இன்னும் பாக்கி இருந்தது. டாஷ்போர்டைக் கழற்றும் வேலையை யார் செய்யப் போகிறார்கள் என்று அவனிடம் இன்னும் சொல்லவில்லை. இர்யா ரொட்டிப் பையைப் பிரித்து ஒரு துண்டை மருமகளின் தோள்வழியாக நீட்டினாள். ரிஸ்டோ கையை நீட்டியபோது, "வீட்டுக்குப் போய்ச் சாப்பிடலாம்," என்று பையை மூடிவிட்டாள்.